மூன்று முதல் நான்கு வரை

எஸ்லினைப் பைத்தியம் என்று சொன்னவர்கள் உண்டு. சொன்னவர்களில் பாதிப் பேர் அவளோடு ஒரே சபையில் உட்கார்ந்து ஆராதனை செய்தவர்கள். அவளும் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகிறவள்தான். நாற்பத்து நான்கு வயது. குடியிருப்பு கெலமங்கலத்தில், வேலை ஓசூரில். கார்களுக்குள் ஓடும் வயர்களைப் பலகையில் வரிசையாகப் பதித்து டேப் சுற்றிக் கட்டித் தரும் கம்பெனி அது. பத்தொன்பது வருடமாக அதே லைன். கை வேகம், வாய் அதைவிட வேகம், ஆனால் ஜெபம் என்று வந்துவிட்டால் அவளிடம் விளையாட்டு கிடையாது.

அந்த விளையாட்டில்லாத்தனம்தான் கடைசியில் அவளுக்கு அந்தப் பைத்தியம் பட்டத்தை வாங்கித் தந்தது. கொரோனா வந்து ஆலயக் கதவைப் பூட்டியபோது, ஐசக் பாஸ்டர் ஒரு சங்கிலி ஜெபம் ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை பன்னிரண்டு மணி நேரம், பன்னிரண்டு வீடுகள். ஆளுக்கு ஒரு மணி நேரம் அவரவர் வீட்டிலேயே முழங்காலில் நிற்க வேண்டும். தன் நேரம் முடிந்ததும் அடுத்தவருக்கு ஒரு மிஸ்டு கால். ஒரே ஒரு ரிங். அதை எடுக்கக் கூடாது. எடுத்தால் பேச்சு வரும், பேச்சு வந்தால் ஊர்க்கதை வரும், ஜெபம் போய்விடும் என்று பாஸ்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த ஒரு ரிங்குக்கு அர்த்தம், நான் இறக்கி வைத்துவிட்டேன், நீ தூக்கிக்கொள் என்பது.

எஸ்லினுக்கு நான்கு முதல் ஐந்து. அவளுக்கு முந்தைய மணி, மூன்று முதல் நான்கு, மேரிராணி அக்காவுடையது. எஸ்லினுக்குப் பின்னால் ஐந்து முதல் ஆறு வரை பாஸ்டரே கடைசி ஆளாக நின்று சங்கிலியை முடிப்பார். யார் யாருக்கு எந்த மணி என்று பெரிய அட்டையில் எழுதி ஆலயத்துக்குள் மாட்டியிருந்தார்கள். ஞாயிறுதோறும் பாஸ்டர் அதில் பச்சைப் பேனாவால் ஒரு டிக் போடுவார். நோய் போய், கதவு திறந்து, கம்பெனிகள் மூன்று ஷிப்டும் ஓட ஆரம்பித்த பிறகும் அந்த டிக் மட்டும் நிற்கவில்லை.

எஸ்லினும் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை என்றால் அவளுக்கு முதல் ஷிப்டுதான் வேண்டும், அப்போதுதான் நான்கு மணிக்குள் வீடு சேரலாம். அதற்காக லைனில் பக்கத்து ஆள் சுகுணாவோடு ஷிப்டு மாற்றிக்கொள்வாள். பதிலுக்கு யுகாதிக்கும் பொங்கலுக்கும் சுகுணாவுக்குப் பதிலாக எஸ்லின் வேலைக்கு வருவாள். கெலவரப்பள்ளிப் பக்கம் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தபோது, சரியாக டிபன் பரிமாறும் நேரத்தில் போனில் அந்த ஒரு ரிங் வந்தது. எழுந்து போய் வாய்க்கால் மேட்டில் மண்டியிட்டுவிட்டாள். வீட்டுக்காரர்களுக்கு மகா கோபம். கூடப்போன அவள் கணவன் வெஸ்லின்தான் அவள் இலையில் இருந்த கேசரியையும் சேர்த்துச் சாப்பிட்டு அவர்களைச் சமாதானப்படுத்தினான்.

வெஸ்லின் ஃபிட்டர். கேலிக்காரன். "பேரப் பாத்துதான் பொண்ணு குடுத்தாங்க, வெஸ்லினு எஸ்லினு, பத்திரிகையில அச்சடிக்கச் சொகமா இருக்கும்னு" என்பான். அவள் ஜெபிக்கும்போது சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "எம்பேர கடைசில சொல்லு. அப்பத்தான் கர்த்தருக்கு ஞாபகம் இருக்கும்" என்பான். பக்கத்து வீட்டு நாராயணம்மா தெலுங்குக்காரி, வெங்கடரமணசாமி பக்தை. அவள்கூட வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவாள். ஐந்து மணிக்கு மதில் மேல் தலையை நீட்டி, "ஏமம்மா, அயிந்தா?" என்று, முடிந்ததா எனத் தெலுங்கில் கேட்டு, ஆமாம் என்றால்தான் சத்தத்தைக் கூட்டுவாள்.

போன வருடம் வெஸ்லினுக்கு இதய வால்வு பழுதாகிவிட்டது. பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்று முடிவானது. தேதி கேட்டால், வெள்ளிக்கிழமை. எஸ்லினுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, இதைவிட வேறென்ன அடையாளம் வேண்டும் என்று. பாஸ்டர் ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று அறிவித்தார்.

"வர்ற வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணி நேரமும் வெஸ்லின் பிரதருக்காக மட்டுந்தான். ஒரு மணி நேரங்கூட விடக் கூடாது."

பன்னிரண்டு வீடும் ஆமென் சொன்னது.

அன்றைக்கு ஆபரேஷன் தியேட்டருக்குள் அவனைத் தள்ளிக்கொண்டு போனபோது எஸ்லின் அழவில்லை. இந்நேரம் இன்னார், அடுத்து இன்னார் என்று அட்டையில் இருக்கும் வரிசையை மனதுக்குள் ஓட்டிக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். சேலத்தில் நர்ஸிங் படிக்கும் மகள் பிரியா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்று ஐம்பதுக்கு டாக்டர் வெளியே வந்தார். மூன்று நாற்பதுக்கு இதயம் நின்றுவிட்டது, எவ்வளவோ பார்த்தோம் என்றார். பிரியா அலறிவிட்டாள். பத்து நிமிடம் கழித்து எஸ்லினின் போன் ஒரு ரிங் அடித்து நின்றது. மேரிராணி அக்கா.

அப்போது எஸ்லின் செய்ததைத்தான் பைத்தியம் என்றார்கள். மகளை ஒரு நர்ஸிடம் விட்டுவிட்டு, மாடிப்படி ஓரமாகப் போய் மண்டியிட்டாள். ஒரு மணி நேரம். என்ன ஜெபித்தாள் என்று அவளுக்கே தெரியாது. வாயில் வந்தது ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்ற ஒரே வார்த்தை. ஐந்து மணிக்குப் பாஸ்டருக்கு மிஸ்டு கால் கொடுத்துவிட்டு எழுந்து போய்ப் புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

அடக்கம் முடிந்து வீடு திரும்பியபோது மேரிராணி அவளைக் கட்டிக்கொண்டாள். மேரிராணி பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலாளர். கை தாராளம். அடக்கத்துக்குப் பிறகு எட்டு நாளும் அந்த வீட்டுக்கு அவள்தான் சமைத்துக் கொண்டுவந்தாள், அதில் பொய் இல்லை.

"மூணரை இருக்கும் எஸ்லினு. அவருக்காக மண்டி போட்டிருக்கறேன். மூடுன கண்ணுக்குள்ள ஒரு வெளிச்சம். அதுல வெஸ்லின் தம்பி சிரிச்சிட்டே போறாரு. என்னாடா இதுன்னு எந்திரிச்சு மணியப் பாத்தா மூணு நாப்பது."

அந்த வெளிச்சத்தை வைத்துத்தான் எஸ்லின் ஒரு வருடத்தை ஓட்டினாள். அவர் தனியாகப் போகவில்லை, அந்த நிமிடம் மேரிராணி அக்கா முழங்காலில் இருந்தாள். கம்பெனி கேன்டீனில் சுகுணாவிடம் சொன்னாள். நாராயணம்மாவிடம் சொன்னாள். ஆலயத்தில் மூன்று தடவை எழுந்து நின்று கர்த்தரின் கிருபைக்குச் சாட்சியாகச் சொன்னாள். மூன்று தடவையும் மேரிராணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பதினான்கு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, ஓசூரில் ஒரு கண்டெய்னர் லாரி ரோட்டை மறித்துக்கொண்டு நின்றதில் கம்பெனி பஸ் முக்கால் மணி நேரம் தாமதமாகிவிட்டது. கெலமங்கலம் பஸ் ஸ்டாண்டில் எஸ்லின் இறங்கும்போது மணி நான்காக இரண்டு நிமிடம். ஓடினால் வீட்டுக்குப் பத்து நிமிடம். ரோட்டைக் கடக்கப் போனவள், எதிரே காய்கறிக் கடையில் மேரிராணியைப் பார்த்தாள்.

முதலில் வேறு யாரோ என்றுதான் நினைத்தாள். மேரிராணி இந்நேரம் வீட்டில் முழங்காலில் அல்லவா இருக்க வேண்டும். ஆனால் அதே பச்சைச் சேலை, அதே கொண்டை. கையில் ஒரு முருங்கைக்காய். அதை முறுக்கிப் பிஞ்சா முற்றலா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அவள் பையிலிருந்த போனில் அலாரம் பாடியது. மேரிராணி முருங்கைக்காயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனை எடுத்தாள், அலாரத்தை அணைத்தாள், எதையோ அழுத்தினாள். எஸ்லினின் கையில் இருந்த போன் ஒரு ரிங் அடித்து நின்றது. மேரிராணி போனைப் பைக்குள் போட்டுவிட்டு அடுத்த முருங்கைக்காயை எடுத்தாள்.

ஏதாவது அவசரமாக இருக்கும், ஒரு நாள்தானே, என்று எஸ்லினின் மனது அக்காவுக்காக வக்காலத்து வாங்கியது. அப்படியே கடைக்கு நடந்தாள்.

"அக்கா."

திரும்பிய மேரிராணிக்கு முகம் ஒரு கணம் செத்துப் பிழைத்தது. "எஸ்லினு! பஸ்ஸு லேட்டா? ஒன் நேரம் ஆரம்பிச்சிருச்சே, போ, ஓடு."

"நீங்க ஜெபிச்சிட்டுத்தான் வந்தீங்களாக்கா?"

"இன்னிக்கு ஒரு நாளுதான். வூட்டுக்கு ஆளுங்க வந்துட்டாங்க, காயி இல்ல..."

கடைக்காரர் கிருஷ்ணப்பனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? வெள்ளந்தியாகச் சிரித்துக்கொண்டே பேச்சில் சேர்ந்துகொண்டார். "வெள்ளிக்கெழம ஆனா இந்தம்மா கரெக்டா வந்துருவாங்க. நாலு மணிக்கு இவங்க போனு பாடும். அதக் கேட்டுத்தான் நான் டீ சொல்லி அனுப்பறது. எனக்கு வாச்சே வேணாம்."

மேரிராணி பணத்தை எடுக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டாள். எஸ்லின் அவள் கையைப் பிடித்துக் கடைக்குப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனாள்.

"அவருக்கு ஆபரேஷன் நடந்தன்னிக்கு எங்கக்கா இருந்தீங்க?"

பொய் சொல்ல வாய் வந்திருந்தால் மேரிராணி சொல்லியிருப்பாள். வரவில்லை. "கிருஷ்ணகிரியில இருந்தேன். அண்ணன் பொண்ணுக்கு நிச்சயம். மூணு மணிக்கு மேலதான் தட்டு மாத்துனாங்க. மனசுல நெனச்சேன் எஸ்லினு. சத்தியமா ஒரு தடவ மனசுல நெனச்சேன்."

"வெளிச்சம்?"

"ஒன் மொகத்தப் பாத்து வேற என்னா சொல்றது? நான் ஜெபிக்கலடின்னு சொல்றதா? அன்னிக்கு ஒனக்கு அது ஆறுதலா இருந்துச்சா இல்லியா?"

எஸ்லின் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு அவளையே பார்த்தாள். அவள் பார்க்கப் பார்க்க மேரிராணிக்குக் கோபம் வந்தது. அகப்பட்டுக்கொண்டவர்களுக்கு வருகிற கோபம்தான்.

"என்னிய மட்டும் ஏன் இப்பிடிப் பாக்கற? இப்ப யாரு முழங்கால்ல நிக்கறாங்க சொல்லு. கொரோனா முடிஞ்சு அவங்கவங்க வேலைக்குப் போயாச்சு. மிஸ்டு கால் மட்டும் சுத்திட்டிருக்குது. மொத ஆளு கோலம் போட்டுட்டே குடுக்கறாங்க, ரெண்டாவது ஆளு பஸ்ஸுல. பாஸ்டர் ஐயாவே..." என்று ஆரம்பித்து அதை விழுங்கிக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எல்லாத்துக்கும் தெரியும் எஸ்லினு. ஆஸ்பத்திரியில நீ முட்டி போட்டதக் கேக்கற வரைக்கும், நீயும் அப்பிடித்தான் மிஸ்டு கால் மட்டும் குடுக்கறேன்னு நெனச்சிட்டிருந்தோம்."

மற்றதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், இந்தக் கடைசி வார்த்தையைத்தான் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எஸ்லின் தனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். ஆஸ்பத்திரி மாடிப்படியில் அவள் மண்டியிட்டிருந்தபோது, அட்டையில் பெயர் எழுதிய அத்தனை பேரும் அவளும் தங்களைப்போலத்தான் என்று நினைத்திருக்கிறார்கள். ஆறு மணியிலிருந்து ஒவ்வொரு பெயராக மனதுக்குள் ஓட்டினாளே, அந்தப் பெயர்களில் ஒன்றுகூட முழங்காலில் இல்லை. வெஸ்லின் தனியாகத்தான் போயிருக்கிறான்.

வீட்டுக்கு வந்து மண்டியிட்டபோது மணி நான்கரை. முழங்கால் மடங்கியதே தவிர வாய் திறக்கவில்லை. திறந்தபோது ஸ்தோத்திரம் வரவில்லை.

"ஏசப்பா, நீங்க பாத்துட்டுத்தான இருந்தீங்க? மேல இருந்து பாத்தா முட்டி போட்டவங்க யாரு, போடாதவங்க யாருன்னு தெரியாதா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? ஒரு வருசமா அந்த வெளிச்சத்த ஊர் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சனே, ஒரு தடவயாவது என் வாய அடைக்கக் கூடாதா?"

அதற்கு மேல் அழுகைதான். மணி ஐந்தானது. போனைக் கையில் எடுத்தாள். பாஸ்டருக்குக் கொடுக்கவில்லை. நாராயணம்மா மதில் மேல் தலையை நீட்டி, "அயிந்தா?" என்றாள். "இல்லம்மா" என்றாள் எஸ்லின். நாராயணம்மா எதுவும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு அந்த டிவி ஆறு மணி வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தது.

ஐந்தேகால் ஆனது. ஐந்தரை ஆனது. சங்கிலியில் கடைசி ஆள் பாஸ்டர். தனக்கு முந்தைய ஆளிடமிருந்து மிஸ்டு கால் வரவில்லையே, அந்த விதவைப் பெண்ணுக்கு என்ன ஆயிற்றோ என்று அவர் கூப்பிட்டுக் கேட்டாலே போதும், மேரிராணி சொன்னதில் பாதியாவது பொய் என்று எஸ்லின் எடுத்துக்கொண்டிருப்பாள். அதற்காகத்தான் காத்திருந்தாள். ஆறு மணி வரை போன் அவள் மடியிலேயே கிடந்தது. சனிக்கிழமையும் யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சபையின் ஆண்டு விழா. ஓசூரிலிருந்தும் ராயக்கோட்டையிலிருந்தும் விருந்தினர்கள் வந்திருந்தார்கள். பாஸ்டர் பச்சைப் பேனாவோடு அட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"கொரோனா காலத்துல ஆரம்பிச்சது. இந்த வாரம் வரைக்கும் ஒரு மணி நேரங்கூட இந்தச் சங்கிலி அறுபடல. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்." டிக் போட்டார். "புருசன் எறந்த வேளையிலயும் தன்னோட ஜெப நேரத்த விடாத ஒரு சகோதரி நம்ம சபையில இருக்கறாங்க. எஸ்லின் சிஸ்டர், வந்து ஒங்க சாட்சியச் சொல்லுங்க."

சாட்சி சொல்வதென்று போன மாதமே ஒத்துக்கொண்டதுதான். எஸ்லின் எழுந்து மைக்குக்குப் போனாள். மூன்றாவது வரிசையில் மேரிராணி கையில் இருந்த வேதாகமத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எஸ்லின் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், காய்கறிக் கடையைச் சொல்லலாம், நிச்சயதார்த்தத்தைச் சொல்லலாம். அத்தனை பேரையும் நாற வைக்கிற வார்த்தை அவள் நாக்கில்தான் இருந்தது. அடுத்தவர் பாவத்தைச் சாட்சியாகச் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. தன்னுடையதைத்தான் சொல்லத் தெரியும்.

"போன வெள்ளிக்கெழம நான் ஒழுங்கா ஜெபிக்கல. அர மணி நேரம் போனப்பறம்தான் முட்டி போட்டேன். அஞ்சு மணிக்கு ஐயாவுக்கு மிஸ்டு காலும் குடுக்கல. சங்கிலி எங்கிட்ட அறுந்துபோச்சு. ஐயா போட்ட டிக்க அழிச்சிருங்க."

மைக்கை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பாஸ்டர் கையில் பேனா மூடாமலே இருந்தது. இருபது வருடம் பிரசங்க மேடையில் நின்றவர் ஆயிற்றே, சுதாரித்துக்கொள்ள ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"எவ்வளவு தாழ்மை பாருங்க. பலவீனமான நேரம் எல்லாத்துக்கும் வரும். வீட்டுக்காரர எழந்த துக்கம் இன்னும் சிஸ்டருக்கு ஆறல. வர்ற வெள்ளிக்கெழம நம்ம சங்கிலி ஜெபம் பன்னெண்டு மணி நேரமும் எஸ்லின் சிஸ்டரோட பலவீனத்துக்காக. எல்லாரும் சொல்லுங்க."

பன்னிரண்டு வீட்டில் அவளைத் தவிர பதினொரு வீடும் ஆமென் சொன்னது. மேரிராணியின் ஆமென் எல்லாருடையதையும்விட மெதுவாக, கடைசியாக வந்தது.

இத்தனைக்குப் பிறகும் எஸ்லின் சபையை விட்டுப் போகவில்லை. சபையும் வேண்டாம் ஜெபமும் வேண்டாம் என்று விட்டுவிடேன் என்று சுகுணாகூடச் சொல்லிப் பார்த்தாள். "ஏமாத்துனது இவங்க. கர்த்தர நான் எதுக்கு விடணும்?" என்று கேட்டுவிட்டு டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். அடுத்த வெள்ளிக்கிழமையும் சுகுணாவோடு ஷிப்டு மாற்றிக்கொண்டாள். மூன்றேகாலுக்கு வீட்டுக்கு வந்து கை கால் கழுவி, நான்கு மணிக்காகக் காத்திருக்காமல் அப்போதே மண்டியிட்டாள். யாரிடமிருந்தும் வாங்கி யாரிடமும் கொடுக்கிற வேலை இனி அவளுக்கு இல்லை.

கொஞ்ச நேரத்தில் வாசலில் நிழல் தட்டியது. மேரிராணி. முகம் வீங்கியிருந்தது. உள்ளே வராமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அஞ்சு நாளா எனக்குத் தூக்கம் இல்ல எஸ்லினு. என்னிய மன்னிச்சிருன்னு கேக்க வாய் இல்ல. ஆனா ஒண்ணு. அன்னிக்கு விட்ட அந்த ஒரு மணி நேரத்த நான் குடுத்துடறேன். இன்னிலிருந்து வாரா வாரம் இந்த நேரத்துக்கு வெஸ்லின் தம்பிக்காக மண்டி போட்டு ஜெபிக்கறேன். இங்கியே, ஒன் கண்ணு முன்னாடியே."

எஸ்லின் திரும்பி அவளைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில்.

"நம்ம சபையில செத்தவங்களுக்கு ஜெபம் ஏதுக்கா? உசுரு இருக்கற வரைக்குந்தான ஜெபிக்க முடியும். பெண்கள் ஐக்கியத்துல நீங்கதான எங்களுக்கு அதச் சொல்லிக் குடுத்தீங்க." என்றாள் எஸ்லின். "அவருக்காக ஜெபிக்க அந்த ஒரு வெள்ளிக்கெழமதான் இருந்துச்சு."

மேரிராணி நிலைப்படியிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். எஸ்லின் அவளை உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். வழக்கமாகச் சொல்கிற பெயர்கள்தான். பிரியாவின் பரீட்சை, சுகுணாவின் முதுகுவலி, நாராயணம்மாவின் சர்க்கரை. அதற்கடுத்து, மேரிராணியின் பேரனுக்குக் காது நன்றாகக் கேட்க வேண்டும் என்று முன்பெல்லாம் வாரா வாரம் ஜெபித்ததை, இந்த வாரமும் விடாமல் சத்தமாக ஜெபித்தாள்.